தாங்களும் டேயும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். கராத்தே பழகிய அவரும், இணையக் குழுவில் முகம் தெரியாத ஒரு ஜூடோக்காரரும் எந்தக் கலை உசத்தி என்று இரண்டு வருடமாக அப்படித்தான் மோதிக்கொண்டார்கள். "தங்கள் ஞானத்தைக் கண்டு புல்லரிக்கிறது ஐயா" என்று இவர் எழுதினால், "எல்லாம் தாங்கள் போட்ட பிச்சை" என்று அவர் குத்துவார்.

ஒருநாள் ஜூடோக்காரர் வாயை அடைக்கவென்றே, கடையில் தன் உதையை வீடியோ எடுக்கப்போன கடைக்காரர் சுவரை உதைத்துவிட்டார். வீங்கிய பாதத்தைப் படமெடுத்து, "தாங்கள் இனி தாராளமாகச் சிரிக்கலாம்" என்று குழுவில் போட்டார்.

உடனே ஜூடோக்காரரின் பதில் வந்தது: "டேய், காலைக் கீழ ஊனாத. முதல்ல எக்ஸ்ரே எடுடா!"

போனை எட்டிப் பார்த்த மனைவி கொதித்தாள். "யாருங்க இவன், மட்டுமரியாதை இல்லாம?"

"விடு," என்று சிரித்தார் கடைக்காரர். "இன்னைக்குத்தான் மரியாதையாப் பேசியிருக்கான்."