கழற்றாமல் விட்ட கம்பி

என் கணவர் அந்த மலைக்காரப் பெண்ணைக் "கண்ணு" என்று கூப்பிட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் அது பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. தெருவில் போகிற பிள்ளையையும் கூப்பிடுவோம், கட்டுத்தறியில் நிற்கிற கன்றையும் கூப்பிடுவோம். ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னை மட்டும் அவர் "ஏம்புள்ள" என்பதைத் தாண்டிக் கூப்பிட்டதில்லை. வயிறு எரியுமா எரியாதா?

யுத்த காலம் அது. கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் அவர் மெக்கானிக். அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். தோட்டத்து முதலாளி அடிவாரத்து ஊரைச் சேர்ந்த ராவுத்தர். பங்களாவில் ஒரு ரேடியோ வைத்திருந்தார். மலையில் கரண்டு ஏது? அது லாரி பேட்டரியில் ஓடும். பேட்டரி இரண்டு உண்டு. ஒன்று ரேடியோவோடு இருக்கும்போது, மற்றதை ஓர் ஆள் தலையில் சுமந்து அடிவாரத்துக்கு இறங்கி, சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவான். ஒரு மழை நாளில் அவன் வழுக்கி விழுந்தான். ஆளுக்கு ஒன்றும் இல்லை. பேட்டரிதான் பிளந்துபோனது.

அந்த வாரம் பார்த்து, தோட்டத்துக்குக் கீழே நெல்வயல் வைத்திருந்த அந்த மலைக்காரப் பெண்ணுக்குக் கடிதம் வந்தது. அவள் புருஷன் பட்டாளத்துக்குப் போய் இரண்டு வருஷம். வீட்டுக்காரர்களுக்குச் சிப்பாய்கள் சேதி சொல்லும் நிகழ்ச்சியில் தானும் பேசப்போவதாகவும், அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் கேட்கலாம் என்றும் எழுதியிருந்தான். படித்துச் சொன்னது என் கணவர்தான்.

"அவிய கொரலு அந்தப் பொட்டியில வருமுங்களா மேஸ்திரி?" என்று கேட்டாள்.

"வர வெக்கறேன் கண்ணு" என்றார்.

மிச்சமிருந்த ஒரு பேட்டரியை மலையிலேயே சார்ஜ் செய்துவிடுவது என்று கிளம்பினார். அடிவாரத்திலிருந்து பழைய லாரி டைனமோ ஒன்று வந்தது. அவள் நெல்வயலின் தலைமாட்டில், வாய்க்காலுக்குள் மரச்சக்கரம் ஒன்றை நிறுத்தி, பெல்ட் மாட்டி, டைனமோவைச் சுற்ற வைத்தார். அங்கே வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். மூன்று நாளைக்கு ஒரு பகல் அவள் முறை. அன்றைக்குச் சக்கரம் சுற்றும், பேட்டரி ஏறும்.

மலைக்காரர்கள் வயலில் செருப்புக் காலோடு யாரையும் இறங்க விடமாட்டார்கள். நான் கோலம் போட்ட வாசலில் செருப்போடு நடக்கிற மனுஷன், அவள் வரப்பில் மட்டும் பயபக்தியாகக் கழற்றி வைத்தார். அவள் கம்பியைப் பிடிக்க, இவர் திருகாணி முறுக்க, இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். நான் மேட்டில் சோற்றுத் தூக்கோடு நிற்பேன். புருஷன் குரலுக்காகத்தான் அவள் இந்தப் பாடுபடுகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பொறாமைப்பட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. தண்ணீர் நின்றதும் பேட்டரியிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரண்டு திரும்பிப் பாய்ந்து டைனமோவைச் சுற்றும், ஏறியதெல்லாம் இறங்கிவிடும். அதைத் தானாகத் தடுக்கிற சாமான் யுத்தத்தினால் எந்தக் கடையிலும் இல்லை. கழற்றுகிற வேலையை அவளிடம் ஒப்படைத்தார். என்னிடம் இல்லை.

அந்த வெள்ளிக்கு முந்தைய புதன்கிழமை அவள் முறை. கணவர் முதலாளியோடு அடிவாரம் போயிருந்தார். மத்தியானம் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்கக்கா, குண்டூர் நாட்டுக்குப் போயி மாமியாளக் கூட்டிக்கிட்டு வாரேன். அவியளும் மவன் கொரலக் கேக்கோணுமில்லீங்க. பொழுது சாய தண்ணி நின்னுரும், அந்தக் கம்பிய மட்டும் எடுத்துருங்க."

"சரி, போயிட்டு வா" என்றேன். பொழுது சாய்ந்தது, தண்ணீர் நின்றது. நான் வீட்டில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

காலையில் ஒரே கூட்டம். காய்ந்த வாய்க்காலில் சக்கரம் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீரே இல்லாமல் சக்கரம் சுற்றினால் என்ன நினைப்பார்கள்? ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். யாரோ சூடம் கொளுத்தினார். அம்மனே இறங்கி வந்து சுற்றுகிறாள், அந்தப் பையன் குரல் வந்தே தீரும் என்றார்கள். நானும் கூட்டத்தோடு கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கம் கெட்டவள்.

மாமியாரோடு வந்து சேர்ந்த அவள் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குனிந்து கம்பியைக் கழற்றினாள். சக்கரம் நின்றது.

"ஆத்தா மலையேறிட்டா!" என்றது கூட்டம்.

அம்மனுக்காக என்று மற்றவர்கள் தங்கள் தண்ணீர் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த மலையில் தண்ணீர் முறையை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் வரை சக்கரம் சுற்றியது. ஆனால் ஒரு ராத்திரி முழுக்க இறங்கியது அதற்குள் ஏறிவிடுமா?

கணவர் அன்று சாயங்காலம்தான் திரும்பினார்; மேஸ்திரி கேலி செய்வார் என்று அம்மன் சக்கரம் சுற்றியதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பங்களா வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்தோம். பெட்டியில் யார் யாரோ சிப்பாய்கள் பேசினார்கள். ரேடியோவின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவன் குரல் வந்தது.

"அம்மா, நான் நல்லாயிருக்கறேன். வெள்ளாமை எப்படி? கண்ணு, நீ..."

அவ்வளவுதான். பெட்டியின் உள்விளக்கு மங்கி ரேடியோ அணைந்துவிட்டது. என் கணவர் பேட்டரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "புதங்கெழமயே நல்லா ஏறியிருக்கோணுமே, எப்படிக் கொறஞ்சுது?" என்று தலையைச் சொறிந்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்குத் தண்ணி பத்தலீங்க மேஸ்திரி."

யுத்தம் முடிந்து அவன் திரும்பி வந்தான். நான் பக்கத்தில் நின்றிருந்தபோதே அவள் அவனிடம் கேட்டாள், "கண்ணு, நீ" என்பதற்கு அப்புறம் ரேடியோவில் என்ன சொன்னீங்க என்று. "எழுதிக் குடுத்தத ஒப்பிச்சனா, என்னவோ சொன்னேன். இப்ப யாருக்கு நெனப்பிருக்குது?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்றுவரை என் கணவரிடம் நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காதது பயத்தினால். அவளுக்கு என்ன பயம்? நினைத்தால் இப்போதும் அவள்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.