நைட் ஷிஃப்ட் வீட்டில் ஒரு கொரிய இன்டர்வியூ

கொரியவியல் முதுகலை படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது, "மேடம், ஸ்காலர்ஷிப் இன்டர்வியூவுல மொதல்ல என்ன கேப்பாங்க?" என்பதுதான். கொரிய வரலாறா, மொழியா, ஏன் கொரியாவைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதா என்று அவர்களே ஒரு பட்டியலோடு வருவார்கள். என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "உங்கள் மைக் வேலை செய்கிறதா?"

மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. நான்தான் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். அது தெரியாமலேயே கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

1. ஸ்டோர்ஸிலிருந்து வகுப்புக்கு

நான் மொழிப் பட்டதாரி அல்ல. பி.காம். முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த எழுத்துகளை வாசிக்கப் பழகியதில் ஆரம்பித்த ஆசை, மாலை நேர வகுப்பு, மொழித் தேர்வு என்று வளர்ந்து, கடைசியில் அதே கம்பெனியில் இன்டர்ப்ரெட்டர் ஆனேன். கொரிய மேனேஜர் கத்துவார், நான் அதைத் தமிழில் பாதிச் சூட்டோடு சொல்வேன். லைனில் இருக்கும் பையன்கள் முறைப்பார்கள், அதை நான் கொரிய மொழியில் "புரிந்தது என்கிறார்கள்" என்பேன். இரண்டு பக்கமும் சமாதானமாக இருந்தது என்றால் அதில் என் பங்கு நிறைய.

ஆனால் எத்தனை நாள்தான் இன்னொருவர் பேச்சையே பேசிக்கொண்டிருப்பது? அவர்கள் ஊரைப் பற்றி எனக்கே சில கேள்விகள் இருந்தன. வேலையை விட்டுவிட்டு டெல்லியில் எம்.ஏ. கொரியவியல் சேர்ந்தேன். கிளம்பும்போது ஹெச்.ஆர். குமரேசன் சார், "படிப்பு ஒத்து வரலன்னா கூச்சப்படாம கூப்பிடுங்க மேடம்" என்றார். வெறும் வாய்வார்த்தை என்றுதான் நினைத்தேன்.

எம்.ஏ. கடைசி செமஸ்டரில் ஊரடங்கு வந்தது. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு நெய்வேலிக்கு, அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். அங்கிருந்தபடியே கொரியாவில் பிஎச்.டி. செய்ய முழு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். வயது வரம்புக்குள் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அப்பா மறு வருஷம் ரிடையர் ஆகப்போகிறார். ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். முப்பதைத் தாண்டிய பெண் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதை அக்கம்பக்கம் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. இது கிடைக்காவிட்டால் மறுபடி இன்டர்ப்ரெட்டர் வேலை, அதுவும் கிடைத்தால்தான்.

2. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஊரே அடங்கிக் கிடந்தாலும் மைன்ஸ் அடங்கவில்லை. நிலக்கரி வெட்டுவதை நிறுத்தினால் கரண்ட் எங்கிருந்து வரும்? அப்பா கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை பார்த்தார். இன்டர்வியூ வந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட். பக்கத்து வீட்டு அந்தோணி மாமாவுக்கும் அதே ஷிஃப்ட். இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் குறட்டை விட ஆரம்பிப்பார்கள்.

குவார்ட்டர்ஸில் வளராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வரிசையில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் ஆளை எழுப்புவது அடிதடிக்குச் சமமான குற்றம். தூக்கம் கெட்டவன் ராத்திரி ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நிற்கப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் காலையில் எங்கள் வீட்டில் குக்கர் வைக்க மாட்டார்கள், சோறு வடிப்பார்கள். சாப்பாட்டுப் பையைக் கழுவி வாசல் கேட்டில் காயப்போட்டிருந்தால் அது நைட் ஷிஃப்ட் வீடு என்று அர்த்தம். கீரைக்கார அம்மா அங்கே கூவாமல் கேட்டருகே நின்று லேசாகச் செருமுவார். பிள்ளைகள் அடுத்த லைனுக்குப் போய் விளையாடும். நான் பேசப் பழகியதே கிசுகிசுத்துத்தான் என்று அம்மா சொல்வார்.

இன்டர்வியூ கொரியாவில் மத்தியானம், நமக்குக் காலை. சமையலறை போக இரண்டே அறை. உள்ளறையில் அப்பா தூங்குகிறார், சாத்தினாலும் முழுதாகச் சாத்தாத கதவு. முன்னறையின் இன்னொரு சுவருக்கு அந்தப் பக்கம் அந்தோணி மாமா. நடுவில் நான், லேப்டாப், இரவல் வாங்கிய ஹெட்செட். வேறு வீட்டில் போய் உட்காரலாம், அப்பாவை ஒரு நாள் வேறு எங்காவது படுக்கச் சொல்லலாம் என்றெல்லாம் இப்போது எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். அன்றைக்கு எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அம்மா மட்டும் விபூதி வைத்துவிட்டு, "அப்பா தூங்கினு இருக்காரு, பாத்துப் பேசும்மா" என்றார்.

3. கிசுகிசு

திரையில் மூன்று பேராசிரியர்கள். தலைவராக ஒரு அம்மையார், ஓர் இளைஞர், ஓரத்தில் தலை நரைத்த ஒருவர். நான் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். அம்மையார் மைக்கைப் பற்றிக் கேட்டார். ஹெட்செட்டைக் கழற்றி மாட்டினேன், ஒயரை ஆட்டினேன், மறுபடி பேசினேன். இளைஞர் திரையை நோக்கிக் காதைத் திருப்பினார்.

"பதற்றப்பட வேண்டாம். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்" என்றார் அம்மையார்.

பேச முயன்றேன். தொண்டை ஒத்துழைக்கவில்லை. காலை நேரத்தில் அந்த அறையில் சத்தம் போட்டுப் பேசுவது என் உடம்புக்கே தெரியவில்லை. உள்ளே அப்பா புரண்டு படுத்தார், என் குரல் இன்னும் இறங்கியது. என் ஆய்வுத் தலைப்பு, கொரியத் தொடர்களைத் தமிழர்கள் எப்படி ரசிக்கிறார்கள் என்பது. அந்த வருஷம் பாதிப் பேர் அதையேதான் எழுதியிருப்பார்கள் என்பது இளைஞரின் முகத்திலேயே தெரிந்தது. மொழியில் நம்பிக்கை இல்லாததால் முணுமுணுக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, எதையோ குறித்துக்கொண்டார்.

எல்லாம் போயிற்று என்று தெரிந்ததும் ஒரு தைரியம் வருமே, அது வந்தது. "மன்னிக்க வேண்டும். எனக்குப் பயம் இல்லை. என் அப்பா சுரங்கத்தில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து தூங்குகிறார். பக்கத்து வீட்டிலும் ஒருவர் தூங்குகிறார். அதனால் என்னால் சத்தமாகப் பேச முடியவில்லை" என்றேன்.

அதுவரை வாய் திறக்காத நரைத்த தலைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"பியோங்பாங்?" என்றார். அதையும் கிசுகிசுத்தார்.

எனக்கு அந்தச் சொல் தெரியாது. கார் கம்பெனியில் யாரும் சொன்னதில்லை. கொரிய நிலக்கரிச் சுரங்கங்களில் மூன்றாவது ஷிஃப்டுக்கு அதுதான் பெயர் என்று விளக்கினார். அவர் அப்பா மலைப்பக்கம் ஒரு சுரங்கத்தில் இருந்தாராம். கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு, மெல்லிய சுவர். "எங்கள் வரிசையில் காலையில் நாய் குரைத்தால் சோறு போட்டு வாயை அடைப்பார்கள். எங்களை மலை மேலே துரத்திவிடுவார்கள். உங்கள் ஊரில் பிள்ளைகள் எங்கே போவார்கள்?"

"அடுத்த லைனுக்கு."

"அந்த லைனிலும் இரவு வேலைக்காரர் இருந்தால்?"

"அதற்கடுத்த லைனுக்கு."

அவர் சிரித்தார், சத்தம் வராமல். பிறகு கேள்வி மேல் கேள்வி. வீடு யார் பெயரில் ஒதுக்குவார்கள், ரிடையர் ஆனால் எங்கே போவீர்கள், மைன்ஸுக்கு நிலம் கொடுத்தவர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களும் ஒரே வரிசையில் எப்படிப் பழகுவார்கள்? எங்கள் குடும்பமே கம்மாபுரம் பக்கம் நிலம் கொடுத்து வேலை வாங்கியதுதான். எனக்குச் சொல்லத் தெரியாதா? சொன்னேன். நான் முன்பே தயாரித்து மனப்பாடம் செய்த கொரிய வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. தப்பும் தவறுமாக, ஆனால் நிற்காமல் பேசினேன். இடையில் கவனித்தேன், அம்மையாரும் இளைஞரும்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

"இதை ஏன் நீங்கள் ஆய்வாக எழுதவில்லை?" என்று கேட்டார் நரைத்த தலைக்காரர்.

"இது கொரியவியல் என்று எனக்குத் தெரியாது" என்றேன். உண்மை அதுதான்.

மூடிய சுரங்கங்களின் குடும்பங்கள் பேசிய ஒலிநாடாக்கள் அவர்களின் நூலகத்தில் பெட்டி பெட்டியாகக் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்றார் அவர். தேர்வானால் முதல் செமஸ்டரில் தலைப்பை மாற்றிக்கொள்ள விதி இருக்கிறது, ஆனால் இப்போது நான் விண்ணப்பத்தில் எழுதிய தலைப்புக்குத்தான் மதிப்பெண் என்று அம்மையார் தெளிவாகச் சொல்லிவிட்டார். பிறகு மூவரும் கிசுகிசுத்து விடைபெற்றார்கள்.

மத்தியானம் எழுந்துவந்த அப்பா, "இன்டர்வியூ எத்தினி மணிக்கி?" என்றார். முடிந்துவிட்டது என்றேன். "சத்தமே கேக்கலியே, சரியாப் பேசலியா நீ?" என்று கவலைப்பட்டார்.

4. குமரேசன் சாரின் போன்

ரிசல்ட் வருவதற்குள் குமரேசன் சார் கூப்பிட்டார். வாய்வார்த்தை இல்லை, நிஜமாகவே எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். "மாசக் கடைசி வரைக்கும்தான் என்னால தள்ள முடியும் மேடம். அப்புறம் வேற ஆள் எடுத்துருவாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

சரி என்று சொல்லத்தான் நினைத்தேன். தொடரை ரசிப்பதைப் பற்றிய தலைப்புக்கு யார் உதவித்தொகை கொடுப்பார்கள்? ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் ஷூவின் லேஸை இழுத்துக் கட்டியபடி, "அந்த வேல ஒனக்குப் புடிச்சிருக்கா?" என்றார்.

"புடிக்கும். ஆனா திரும்பவும் அதையேவா..."

"அப்ப ரிசல்ட் வரட்டும். நான் என்ன நாளைக்கேவா ரிடையர் ஆவுறன்?"

அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். தன் சர்வீஸ் முடியப்போகிற நேரத்தில், வீடும் கையை விட்டுப் போகப்போகிற நேரத்தில், எந்த அப்பா இப்படிச் சொல்வார் என்று இன்றும் நினைத்துப்பார்க்கிறேன். குமரேசன் சாருக்கு மறுத்துச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லா வரணும் மேடம்" என்றார். அடுத்த வாரமே அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகப் பழைய சிநேகிதி சொன்னாள். அதன் பிறகு மணிக்கொரு தரம் மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்

வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. சில மாதம் அங்கே தங்கி மொழி மட்டும் படிக்க உதவித்தொகை உண்டு. முதுகலை, பிஎச்.டி. முழுவதற்கும் உண்டு. ஆய்வின் நடுவில் கள ஆய்வுக்கும் நூலகத்தில் உட்காரவும் தனியாகக் கொடுக்கிறார்கள். பலருக்கு இதெல்லாம் இருப்பதே தெரியாததால் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். யாரிடம் ஆய்வு செய்ய விருப்பமோ அவருக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பதில் போடுவார்கள். மொழித் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள்.

தலைப்பு விஷயத்தில் மட்டும் நான் பட்டதைச் சொல்கிறேன். கொரியாக்காரர்களுக்குப் பிடிக்குமே என்று எழுதாதீர்கள். நெசவு வீட்டுப் பிள்ளையா, அங்கே தறி ஓட்டியவர்களைத் தேடுங்கள். கப்பல்தளத்தில் அப்பா வெல்டரா, அங்கே கப்பல் கட்டும் ஊர்கள் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த வாழ்க்கையை வைத்துத்தான் அவர்களிடம் நல்ல கேள்வி கேட்க முடியும். நான் பிறகு அந்த மலைப்பக்கத்து வரிசை வீடுகளில்தான் ஆய்வு செய்தேன். இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் நின்று பாடம் நடத்துகிறேன் என்றால் அதனால்தான். "எங்க மைன்ஸ் கதையத்தான் படிக்கப் போறன்னா அதுக்கு ஏன் அம்மாந்தூரம்? என்னியக் கேட்டா சொல்ல மாட்டனா?" என்று அப்பா அன்றைக்கே கேட்டுவிட்டார்.

6. ரிசல்ட்

மெயில் வந்தது ஒரு காலைவேளையில். மறுபடியும் அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வாரம். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். உதட்டை மட்டும் அசைத்து, "கெடச்சிருச்சா?" என்றார். தலையாட்டினேன். ஈரக் கையோடு என்னைப் பின்பக்கம் இழுத்துப்போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் அவர் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். அதன் பிறகு மத்தியானம் வரை இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்ப்பதும் வாயைப் பொத்துவதுமாக இருந்தோம். அவ்வளவு சந்தோஷத்தைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருப்பது லேசான வேலை இல்லை.

அப்பா எழுந்தார். சொன்னேன். 

"அப்பவே என்னிய எழுப்பியிருக்கக் கூடாதா?"

"நைட்டு பாத்துட்டு வந்த ஆள யாராவது எழுப்புவாங்களா?" என்றார் அம்மா.

அப்பா முகம்கூடக் கழுவவில்லை. நேரே வெளியே போய் அந்தோணி மாமா வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கினார். கேட்டில் சாப்பாட்டுப் பை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"யோவ் அந்தோணி! எழுந்து வாய்யா! எம் பொண்ணு கொரியாவுக்குப் படிக்கப் போவுது!"

என் பிறவியில் அந்த வரிசையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. லுங்கியை இழுத்துச் செருகியபடி அந்தோணி மாமா கலைந்த தலையோடு ஓடிவந்தார். "இன்னாய்யா, மைன்ஸ்ல தண்ணி பூந்துடுச்சா?"

அப்பா அதை இன்னொரு தரம் சொன்னார், முன்னைவிடச் சத்தமாக. வரிசை முழுக்கக் கதவுகள் திறந்தன. ஒருவர்கூட அவரைத் திட்டவில்லை.