விரால் தொட்டிக்கு மூடி போட்டேன்

மீனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற வேலையில், மருந்துக்கு முன்னால் பயம் ஏறிவிடும். ஆய்வுக்கூடத்தில் பாட்டில் திறந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தேன். படிப்பு எட்டாவது, வேலை தற்காலிகம். ஒரு தவறு நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பன்னிரண்டு சொட்டு

தொட்டித் தண்ணீரில் ஈதர் என்ற மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கெண்டையின் செவுள் நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று எழுத வேண்டும். ஆடிக் காற்றில் ஈதர் பறந்தால் கணக்குத் தப்புமே என்று ஜன்னல்களைச் சாத்தினேன். எழுபத்தெட்டு, ஐம்பது, முப்பத்தொன்று. பன்னிரண்டாம் சொட்டில் மீன் சாய்ந்தது. நல்ல தண்ணீரில் விட்டதும் நிமிர்ந்துவிட்டது. எனக்குத்தான் நோட்டின் கோடுகள் நெளிந்தன, கால் நிற்கவில்லை. உள்ளே வந்த பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க ரங்கசாமி, மருந்து மீனுக்கா, உங்களுக்கா? மொதல்ல ஜன்னலைத் தொறங்க!"

பீடி

பேராசிரியர் பல வாரமாகக் கேட்டிருந்த விராலை மீன்காரர் ஒருநாள் பானையில் கொண்டுவந்தார். ஒன்றே ஒன்றுதான் கிடைத்ததாம். பானையை இறக்கியவர் ஈதர் பாட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பீடியை வாயில் வைத்தார். பொறி பட்டால் குப்பென்று பிடிக்கிற சரக்கு அது. அவர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன். அவர் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனது அப்போது என் காதில் ஏறவில்லை.

"விராலுக்குத் தண்ணி மட்டும் பத்தாதுங்க, மேல வந்து காத்தும் குடிக்கோணும். எனக்குப் பீடியாட்ட!"

மூடி

மறுநாள் அந்த விராலை மயக்கி, எழுப்பி, மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். செத்தால் வேறு விரால் இல்லை, எனக்கும் வேலை இல்லை. இந்த முறை ஜன்னல் திறந்திருந்ததால், ஈதர் பறக்காமலிருக்கத் தொட்டிக்கு மூடி போட்டேன். அதே பன்னிரண்டு சொட்டுத்தான்.

விரால் மேலே வந்து வாயைத் திறந்தது. மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை வரவில்லை, மல்லாந்துவிட்டது. செவுள் ஒன்பது, பிறகு நான்கு, பிறகு அசைவே இல்லை. அப்போதுதான் மீன்காரர் சொன்னது காதில் விழுந்தது. மூடிக்கடியில் தேங்கிய ஈதர் ஆவியை அல்லவா அது குடித்திருக்கிறது!

அதைத் தூக்கி நல்ல தண்ணீரில் போட்டு, வாயை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு விநாடிகளை எண்ணினேன். மாணவர்கள் சுற்றி நெருங்கி எட்டிப் பார்த்தார்கள். நூறு. நூற்றைம்பது. இருநூற்றாறில் வாய் பிளந்து ஒரு மிடறு காற்றை இழுத்தது. என் கை மட்டும் அதை விடவில்லை.

பேராசிரியர் தோளைத் தொட்டார். "மீன் மூச்சு விட்டுருச்சுங்க ரங்கசாமி. இனி நீங்க விடுங்க."

இன்றும் வீட்டில் யாராவது சோற்றுக் குண்டாவை மூடினால், ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருகிறேன்.