கடலில் ஆளிருக்க அக்காள் போட்ட முடிச்சு

அக்காள் எங்களை விட்டுப் போய் வருஷம் ஒன்று நிறைகிறது. இன்று வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் கரைக்காரர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். நாலு பேர் நடுவில் நின்று பேச எனக்கு வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஆகையால் தெரிந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிழை திருத்தியவர்கள் அச்சகத்தார்.

அக்காள் பிறந்தது ஆவுடையார்கோவிலுக்கு மேற்கே, கிணற்றுப் பாசனக் கிராமம் ஒன்றில். எங்கள் தகப்பனார், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு வடக்கயிறு திரித்துக் கொடுப்பவர். மாட்டு இழுப்பில் வடம் அறுந்தால் தண்ணீர்ச் சால் கிணற்றுக்குள் போய்விடும். ஆகையால் எந்தக் கயிற்றுக்கு எந்த முடிச்சு நிற்கும் என்பதே எங்கள் வீட்டுப் பேச்சாக இருந்தது. மீமிசல் கடற்கரையில், வத்தை என்கிற பாய்மரப் படகு வைத்திருந்த குடும்பத்தில் அக்காளைக் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு கோடையில் வாந்திபேதி வந்து தாயாரையும் தகப்பனாரையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. அக்காள் வண்டி கட்டி வந்து என்னை அழைத்துப் போனார். அக்காளின் மாமியாரை நானும் அத்தை என்றே அழைப்பேன். அன்று அத்தை ஒன்றும் கேட்கவில்லை. சோற்றுக்கு ஒரு வட்டில் கூடுதலாக வைத்தார், அவ்வளவுதான். அன்று முதல் மச்சானோடும் அவர் தம்பி சின்ன மச்சானோடும் நானும் கடலுக்குப் போனேன்.

அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆண்கள் கடலில் இருக்கும்போது பெண்கள் முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சுப் போட்டால் கடலில் இருப்பவன் கால் கட்டுண்டு போகும் என்பார்கள். விறகுக் கட்டைக்கூட முறுக்கிச் செருகத்தான் வேண்டும். கொண்டையைச் செருகலாம், முடியக் கூடாது. தூண்டில் கட்டும் வேலை அக்காளுடையது. வத்தை கரையேறிய பிறகுதான் முள்ளையும் நூலையும் எடுத்து உட்காருவார்.

உலகச் சண்டைக்குச் சில வருஷம் முந்தி, கொழும்பிலிருந்து பின்னல் நூல் வந்தது. அதுவரை நாங்கள் கண்டது முறுக்கு நூல். முறுக்கு நூல் சொரசொரப்பானது, எந்த முடிச்சிலும் தன்னைத் தானே கடித்துக்கொள்ளும். பின்னல் நூலோ மெழுகு ஏறிய வழுவழுப்பு. பலம் அதிகம், ஆனால் வழக்கமான முடிச்சு நழுவிவிடும். அக்காள் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்து, உத்திரத்தில் மாட்டி அம்மிக் குழவியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். குழவி ஒருமுறை மச்சானின் கால்மாட்டில் விழுந்தது.

“கடல்ல தப்பிச்சு வந்தவன வீட்ல கொல்லப் பாக்குறா,” என்றார் மச்சான்.

“விழுந்தது கொழவியா இருக்கவே தெரிஞ்சுச்சு. கடல்ல விழுந்தா தெரியுமாக்கும்?” என்றார் அக்காள்.

கடைசியில் கண்டுபிடித்தது இதுதான். நூலை இரட்டையாக மடிக்க வேண்டும். முள்ளின் காதில் கோத்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். நுனியை வளையத்துக்குள் திருப்பி நுழைக்க வேண்டும். நனைத்த பிறகே மெல்ல இறுக்க வேண்டும். காய்ந்த நூலை வெடுக்கென்று இழுத்தால் அந்த இடத்திலேயே நைந்துவிடும். நுனியையும் ஒட்ட நறுக்கக் கூடாது. இதை அக்காள் செய்தாரே தவிர நாங்கள் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. கட்டித் தரத்தான் ஆள் இருந்ததே.

அந்த ஐப்பசியில் எனக்குக் கையில் சிரங்கு. மச்சான்கள் இருவர் மட்டும் போனார்கள். மேற்கே பெய்த மழை ஆற்றோடு வந்து முகத்துவாரத்தில் விழுந்துகொண்டிருக்க, வாடைக் காற்றும் சேர்ந்துகொண்டது. திரும்பி வந்த வத்தை முகத்துவாரத்துக்கு அந்தப் புறம் மணல் திட்டில் தட்டிச் சாய்ந்தது. பாய்மரம் முறிந்துவிட்டது. இருவரும் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பது கரையிலிருந்து தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம் இல்லை. நடுவில் வெள்ளம் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடியது. வேறு வத்தை தள்ள வழியில்லை.

கரைவலை வைத்திருந்த மாமா ஒருவர் யோசனை சொன்னார். பின்னல் நூலின் ஒரு நுனியோடு நான் நீந்த வேண்டும். மறு நுனியில் கரைவலை வடத்தைக் கட்டி, வத்தையிலிருந்து நூலை இழுத்தால் வடம் போய்ச் சேரும். வடத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் வரலாம். வடத்தில் முடிச்சை மாமாவே போட்டார். நான் இடுப்புத் துண்டில் நூலைக் கட்டிக்கொண்டு, ஆற்றின் மேல்பக்கம் நடந்து இறங்கினேன். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. மூவரும் இழுத்தோம். முதலில் கனத்தது. பிறகு திடீரென்று லேசாயிற்று. வெறும் நூல் வந்தது. நடு வெள்ளத்தில் முடிச்சு நழுவிவிட்டது.

சின்ன மச்சானுக்கு உதடு நீலம் பூத்துவிட்டது. வத்தையின் அடிப்பலகை அலைக்கு அலை பிளந்துகொண்டிருந்தது. மச்சான் நூலின் ஒரு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, மறு நுனியை என் துண்டில் கட்டினார். “போ. இன்னொரு தடவதான் வத்த தாங்கும்,” என்றார்.

வெள்ளம் என்னைக் கரையில் வெகுதூரம் தள்ளி ஒதுக்கியது. மணலில் கவிழ்ந்து உப்புத் தண்ணீரைக் கக்கினேன். வடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் என் துண்டிலிருந்து நூலை அவிழ்த்தார்கள். தலை தூக்க முடியவில்லை. காது மட்டும் கேட்டது.

“மாமா, நூல ரெட்டையா மடிங்க. வடத்த வளைச்சுக்கிட்டு அதுக்குள்ள விட்டுச் சுத்துங்க. ஏறிருச்சு பாருங்க, பிரிச்சுட்டு மறுபடி சுத்துங்க,” என்றது அக்காளின் குரல்.

“வெரல் மரத்துப்போச்சு ஆத்தா. நூலு வழுக்குது.”

“இங்கிட்டுக் குடுங்க.”

அத்தை அலறினார். “அடியே, தொடாத! எம் புள்ளைக ரெண்டும் தண்ணியில கெடக்கு. ஆளு அங்கிட்டு இருக்கையில முடிச்சுப் போடுறியா? ஓந்தாலிய நீயே அறுத்துக்கிறியாடி?”

“முன்ன போட்டது ஆம்பள முடிச்சுதானே அத்தை, அது நிக்கலயே.”

“அவுகளுக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒன்ன இந்தக் கரையில நிக்க விடமாட்டேன்.”

“ஆச்சுன்னா நானே நிக்கமாட்டேன். கைய விடுங்க அத்தை.”

நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்காள் முழங்காலிட்டு, வடத்தின் நுனியைத் தொடையால் அழுத்திக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை. அவசரப்படவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அலைத் தண்ணீரில் முடிச்சை அமிழ்த்தி, பல்லால் ஒரு நுனியும் கையால் மறு நுனியுமாக மெல்ல இறுக்கினார். தன் முழுக் கனத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார். ஒருமுறை பிரித்து மறுபடியும் கட்டினார். சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கையை உயர்த்தி வத்தைக்குச் சாடை காட்டினார்.

வடம் தண்ணீரில் இறங்கியது. நடு வெள்ளத்தில் வில்லாக வளைந்து, அசையாமல் நின்றது. கரைப் பக்கத்து நுனியைக் கட்ட மரம் கிடையாது. பின்னால் யாரோ யாரோ ஓடிவந்து பிடித்தார்கள். எனக்கு மறுபடி கண் இருட்டியது. சின்ன மச்சான் பக்கத்தில் வந்து விழுந்த சத்தத்தில்தான் விழித்தேன். அதன்பின் மச்சான் வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது திட்டில் வத்தை இல்லை, பலகைகள்தான் மிதந்தன.

முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, தேங்காய் நாருக்குள் கடித்து இறங்கியிருந்தது. அக்காள் கத்தி வாங்கி அறுத்துக் கடலில் எறிந்தார். வீட்டுக் கட்டுப்பாடு அன்றோடு போய்விடவில்லை. அத்தை விடவில்லை, அக்காளும் மீறவில்லை. வேறு வத்தை கட்டிய பிறகும் ஆண்கள் கரையேறக் காத்திருந்துதான் முள் கட்டினார். “மதினி, அம்மாவுக்குத் தெரியாம ஒண்ணு போட்டுக் குடுங்க,” என்று சின்ன மச்சான் சீண்டுவார். “ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சே போட்டவ நான்,” என்பார் அக்காள்.

ஒரே மகளை அறந்தாங்கிப் பக்கம் கட்டிக் கொடுத்து, பேரன் முகத்தையும் பார்த்தார். பிறகு வயிற்றில் கட்டி வந்தது. வலியில் கத்தியதில்லை. மச்சான் அந்த மாதங்களில் கடலுக்கே போகவில்லை.

வைத்தியம் பார்த்த அறந்தாங்கி வைத்தியருக்கும், மழையில் வண்டி ஓட்டியவர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், பாடை சுமந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று வடம் பிடித்த கரைக்காரர்களுக்கு இத்தனை வருஷமாக நான் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

வடத்தின் கடைசியில் பிடித்திருந்தது யார் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. படுக்கையில் கிடந்தபோது அக்காள்தான் சொன்னார். “அத்தைதான் தம்பி. இடுப்புல சுத்திக்கிட்டு மணல்ல காலப் பொதைச்சு நின்னாக. என்னைய வைஞ்சுக்கிட்டே நின்னாக. ஒம் மச்சான் கரையில காலு வச்சப்பக்கூட நிறுத்தல.”

“பேச்சையா?”

“பேச்சையும்தான், புடியையும்தான்.”

அத்தை இப்போது இந்த மலரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு என் நமஸ்காரம்.