அறுபது பெட்டியும் ஐந்து சதுரங்களும்

தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, பெட்டி கட்டும் அறையை அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பான டீமேக்கர் என்னிடம் ஒப்படைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார்.

“தம்பி, நாளைக்கு அறுபது தேயிலைப் பெட்டி. மூண்டு மணிக்கு லொறி பதுளை ஸ்டேஷனுக்கு வெளிக்கிட வேணும். கூட்ஸ் ரயில் எங்களுக்காக நிக்காது. வேலை பிழைச்சால் நீ மலைக்கே போகலாம்.”

மலை என்றால் அப்பாவும் அம்மாவும் வேலை செய்யும் கொழுந்துக்காடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திரும்பிப் போனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அம்மா தலைநிமிர முடியாது.

கடிகாரமும் குறிப்புக் கொப்பியுமாக இறங்கினேன். பலகையைப் பொருத்தி ஆணி அடிப்பது செல்லையா அண்ணன். உள்ளே ஈயத்தாள் விரிப்பது பாக்கியம் அக்கா. பிறகு தூள் நிரப்பிக் குலுக்க ஒருவர், மூடி அடிக்க ஒருவர், பெட்டிமேல் தோட்டத்து மார்க்குப் போட ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு பெட்டி செய்வதை நேரம் பார்த்தேன். எல்லாமே ஐந்து ஐந்து நிமிடமாக வந்தது; ஐந்து மணி நேரத்தில் அறுபது பெட்டி. வகுப்பில் கணக்குச் சரியாக வந்தபோதுகூட நான் அப்படித் துள்ளியதில்லை. தரையில் சோக்கட்டியால் ஆளுக்கொன்றாக ஐந்து சதுரம் போட்டு, “யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது” என்றேன்.

மறுநாள் ஏழு மணிக்கே தொடங்கியும் பதினொரு மணிக்கு இருபத்திரண்டு பெட்டிதான் முடிந்திருந்தது. செல்லையா அண்ணன் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். மற்ற நால்வரும் சதுரத்துக்குள் சும்மா நின்றார்கள். பாக்கியம் அக்கா ஈயத்தாளைக் கிரீடமாக மடித்துத் தலையில் வைத்திருந்தாள்.

“ராணி வந்து ஒரு மணி நேரமாச்சு. பெட்டி எங்க மந்திரி?”

“அக்கா, நேத்து அண்ணன் அஞ்சு நிமிசத்துல அடிச்சாரே.”

“நம்ம லயத்துப் புள்ள எழுதுதேன்னு மூச்சப் புடிச்சிக்கிட்டு அடிச்சாருங்க. எப்பவும் பத்து நிமிசம் ஆகும்.”

“உங்களுக்கும் அஞ்சு நிமிசம் ஆச்சே?”

“எனக்கு ரெண்டு நிமிசம் போதும். எழுதுறப்போ பவுசா இருக்கட்டுமேன்னு நீவி நீவி விரிச்சேன்.”

ஆணியை வாயில் வைத்துக்கொண்டே செல்லையா அண்ணன் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

“இப்ப என்னக்கா செய்யிறது?”

“எனக்கும் ஆணி அடிக்கத் தெரியுங்க. நீங்கதான் கோடு போட்டு நிறுத்திட்டீங்க.”

“தாண்டுங்கக்கா. எல்லாரும் தாண்டுங்க.”

அவளும் மூடி அடிப்பவரும் சுத்தியலோடு ஆணிப் பக்கம் பாய்ந்தார்கள். ஈயத்தாள் விரிக்கப் பெட்டி சேர்ந்ததும் அவள் தன் சதுரத்துக்கு ஓடினாள்; நிரம்பிய பெட்டி சேர்ந்ததும் அவர் மூடி அடிக்க ஓடினார். நானும் ஒரு சுத்தியலை எடுத்து, முதல் அடியைப் பெருவிரலில் போட்டேன்.

“ஆணி அந்தப் பக்கம் இருக்கு தம்பி” என்றார் செல்லையா அண்ணன். அறையே குலுங்கியது. தூள் குலுக்கியவர்கூட வேலையை விட்டுச் சிரித்தார்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அறுபதாவது பெட்டி லொறியில் ஏறியது. டீமேக்கர் என் வீங்கிய விரலைப் பார்த்தார்.

“அடுத்த முறை எண்பது.”

வேலை செய்யும் கையை மட்டும் நேரம் பார்த்தால் போதாது. எந்தக் கை சும்மா இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிதாக வரும் தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அன்று நானும் லொறியில் தொற்றிக்கொண்டு பதுளைக்குப் போனேன். எங்கள் அறுபது பெட்டியோடு கூட்ஸ் ரயில் நகர்ந்ததும் கையைக் கையை ஆட்டினேன். யாரை வழியனுப்புகிறான் இவன் என்று ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.