கொடியில் தொங்கிய ஆராய்ச்சி

போன வியாழக்கிழமை முழுவதும் எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டில் கோளாறில்லை. என் தங்கை ரோசி கல்லூரியில் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசவேண்டிய நாள். பேசுகிறவள் அவள், பேதி எனக்கு!

தேறினால்தான் எம்.ஏ.வுக்கு இடம். தேறாவிட்டால்? மணலியில் ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருக்கிறாள் அம்மா. கல்யாணம் கெட்ட காரியமில்லை... ஆனால் தண்டனையாகவா செய்துவைப்பது?

ராயபுரத்தில் ரயில் யார்டை ஒட்டிய எங்கள் தெருக்களில், எஞ்சின் புகையால் பெண்களுக்கு எவ்வளவு வேலை கூடுகிறது — இதுதான் ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய் விசாரித்தாள். விசாரித்ததையெல்லாம் ஒரு பழைய படுக்கை விரிப்பில் பெரிய படமாக மையால் வரைந்தாள்.

ஒத்திகை எங்கள் முற்றத்தில். துணி காயப்போடும் கொடியில் விரிப்பைத் தொங்கவிட்டு, இங்கிலீஷில் ஆரம்பித்தாள். அடுத்த வீட்டு கதீஜா அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னாடி ரோசி, உங்க சர்ச்சு சாமியாரு மாரி ஒருத்தனுக்கும் புரியாம பேசிகினு கீறே?"

"சும்மா இரு, அக்கா! மறந்துடப் போவுது!"

அதற்குள் யார்டில் எஞ்சின் ஊதியது. "ஏய், துணி! துணி!" என்று தெரு முழுக்கக் கூச்சல். எஞ்சின் கிளம்பினால் கரித்தூள் பறந்து வந்து ஈரத்துணியில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, எங்கள் பெண்கள் முதலில் கொடிக்குத்தான் ஓடுவார்கள். ரோசியும் விரிப்பை உருவிச் சுருட்டினாள். ஒத்திகை அதோடு சரி.

வியாழக்கிழமை. கல்லூரி ஹாலில் கடைசி பெஞ்சில் நான். சுவரில் ஆணி அடிக்கக்கூடாதாம். இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி விரிப்பை மாட்டினாள். திக்காமல் திணறாமல் பேசினாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மதிப்பெண் போடவேண்டிய புரொபசர் எழுந்தார். "புகை இன்று நேற்று வந்ததா? அந்தப் பெண்களுக்கு அது பழகிப்போயிருக்கும். இதில் ஆராய என்ன இருக்கிறது?"

அவர் சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. துவைத்தது யாரோ!

ரோசி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. பேசித் தொலையேன் பெண்ணே... மணலி மாப்பிள்ளை என் கண்முன் வந்து நின்றார்.

அப்போதுதான் கல்லூரிக்குப் பின்னால், தூரத்து ரயில் பாதையில் ஒரு கூட்ஸ் வண்டி ஊதியது.

சடாரென்று திரும்பினாள். விரிப்பை உருவினாள். சுருட்டி நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். ஹாலே கொல்லென்று சிரித்தது. போச்சு, எல்லாம் போச்சு!

"என்னம்மா, கடையைக் கட்டிவிட்டாயா?" என்றார் புரொபசர்.

"இல்ல சார்... எஞ்சின் ஊதிச்சே. துணி கரியாப் பூடும்." மனப்பாடம் செய்த இங்கிலீஷெல்லாம் எங்கே போனதோ!

"இவ்வளவு தூரம் கரி வராதே அம்மா?"

"எனக்குத் தெரியும் சார். என் கைக்குத் தெரியல."

சிரிப்பு அடங்கிவிட்டது. புரொபசர் அவள் கையைப் பார்த்தார். "மறுபடி மாட்டு. முதலிலிருந்து சொல்லு" என்றார்.

நேற்று முடிவு சொன்னார்கள். தேறிவிட்டாள். இரண்டு வருஷம் பொறுக்கச் சொல்லி மணலிக்கு ஆள் அனுப்பிவிட்டாள் அம்மா.

ஆனால் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அடுத்தவன் கஷ்டம் என்றால் மட்டும் எப்படி ஐயா இவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது?

'பழகிப்போயிருக்கும்' என்கிறவர்கள் ஒரு வாரம் தங்கள் வேட்டியை எங்கள் கொடியில் காயப்போடட்டும். பிறகு பேசலாம்.