ஜலஜாவின் பங்கு

ஜலஜாவுக்கு முடக்குவாதம் வந்து வருஷங்களாகிவிட்டன. காலையில் விரல் மடங்காது. வலிக்குத் தந்த மாத்திரையோ முகத்தை ஊதவைத்து, வயிற்றை எரித்து, தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டது. அந்த மாத்திரைச் சனியன் விட்டால் போதும் என்றுதான் டில்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயிலில் முருகனிடம் வேண்டிக்கொள்வாள்.

டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். "மைதா, சர்க்கரை, பொரித்ததெல்லாம் வேண்டாம். கீரை, பயறு, பழம், வால்நட் சாப்பிடுங்கள். மூன்று மாதத்தில் விரல் வீக்கம் வடிந்தால் மாத்திரையைக் குறைத்துவிடலாம்."

ஜலஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. குறைக்கலாம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

மறுநாளே கீரை ஆய உட்கார்ந்தாள். ஒவ்வொரு காம்புக்கும் உயிர் போயிற்று. ஆனாலும் கொஞ்ச நாளில் விரல் இளகினாற்போல இருந்தது. தலையைத் தானே பின்னிக்கொண்டாள்.

அப்புறம் வந்தது வினை. "பிரமாதம்டி, எனக்கும் இதையே போடு" என்று தட்டை நீட்டினார் கணவர் மகாதேவன். "படியா ஹை அம்மா, ரொம்ப நன்னாயிருக்கு, டிபன் டப்பாவிலயும் இதையே வை" என்றான் மகன் ப்ரணவ். ஜலஜா எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள். அவள் உட்காரும்போது சட்டியில் கரண்டிதான் கிடக்கும். மகாதேவன் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த சமோசா, ப்ரணவ் வேண்டாமென்று வைத்த பிரெட் பக்கோடா, இதுதான் அவள் சாப்பாடு. குப்பையில் கொட்ட மனசு வருமா? கூடச் சமைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கூட ஆய விரல் வேண்டாமா, ஐயா?

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா விரல்களை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் கூடியிருந்தது. "சொன்னபடி சாப்பாட்டை மாற்றினீர்களா?"

கூட வந்திருந்த மகாதேவன் முந்திக்கொண்டார். "ஒருநாள்கூடத் தப்பவில்லை டாக்டர். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சாப்பாடு. எனக்கே சுகர் நார்மலுக்கு வந்துவிட்டது."

பாவி மனுஷன், பொய் சொல்லவில்லை. ஜலஜா வாயைத் திறந்தாள். எனக்கு மிஞ்சவில்லை என்று எப்படிச் சொல்வது? கட்டின புருஷனை மூன்றாம் மனுஷியிடம் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா? மூடிக்கொண்டாள்.

"அப்படியானால் உங்களுக்குச் சாப்பாட்டால் பலனில்லை" என்றார் டாக்டரம்மா. "மாத்திரையைக் கூட்டவேண்டியதுதான்."

திரும்பும் வழியில் மகாதேவன் காய்கறி வண்டியை நிறுத்தி இரண்டு கட்டுக் கீரை வாங்கினார். "நாளைக்குக் கூட்டு பண்ணிடு. என் சுகருக்கு நன்னா கேக்கறது."

ஜலஜா வீட்டுக்கு வந்து, கூட்டின மாத்திரையை விழுங்கிவிட்டு, கீரை ஆய உட்கார்ந்தாள்.